சுரை வைத்த வளையங்கள்

மட்டக்களப்பில் இறங்கி நான் செய்த முதல் காரியம், ஒரு பாலத்தின் நடுவில் நின்று ஓட்டோ தள்ளியது.

கல்லடிக்குப் போக வாவியைத் தாண்ட வேண்டும். அப்போது பழைய இரும்புப் பாலம்தான். பக்கத்தில் புதுப் பாலத்துக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். பழையதில் ஒரே ஒரு வண்டி போகிற அகலம். அதனால் இந்தக் கரைக்குக் கொஞ்ச நேரம், அந்தக் கரைக்குக் கொஞ்ச நேரம் என்று முறை வைத்து விடுவார்கள். எங்கள் முறை வந்து, சரியாகப் பாதியில் போனபோது பெட்ரோல் தீர்ந்தது. ஓட்டோக்காரர் இறங்கி நின்று, நான்தான் அதைக் குடித்துத் தீர்த்துவிட்டேன் என்பதுபோல என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற வரிசை ஹார்ன் அடித்தது. அக்கரையில் காத்திருந்த வரிசையும் சேர்ந்துகொண்டது.

"அக்கா, கோவிக்காதீங்க. ஒரு கை பிடிங்க" என்றார் ஓட்டோக்காரர்.

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளினேன். சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வந்த ஒருவர், சைக்கிளைக் கம்பியில் சாய்த்துவிட்டுத் தோள் கொடுத்தார். "இந்தியாவா?" என்று கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். "எங்கட ஆக்கள் எண்டா இதுக்குள்ள இறங்கி நடந்திரிப்பாங்க" என்றார். பாதி வழிக்கு நான் தள்ளியும் ஓட்டோக்காரர் முழு வாடகை கேட்டார். கொடுத்துத் தொலைத்தேன்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் மந்தைவெளிப் பக்கம் ஒரு மாடியறையில் பழைய நகை வாங்கி விற்கிறேன். பழைய நகை என்றால் உருக்குகிற பழைய நகை அல்ல. பேர்போன வடிவமைப்பாளர்கள் நாற்பது, ஐம்பது வருடத்துக்கு முன்னால் செய்தவை. 'விண்டேஜ்' என்பார்கள். இவற்றுக்கென்றே பைத்தியமாய் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியிடமிருந்து வாங்கி இன்னொருத்தியிடம் விற்று, நடுவில் நானும் கொஞ்சம் பைத்தியமாகி வாழ்க்கை ஓடுகிறது.

மூன்று மாதத்துக்கு முன் என் கடை முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவள் கல்லடியைச் சேர்ந்த தர்சினி, பத்தொன்பது வயது. நான்கு புகைப்படங்கள். ஒரு ஜோடி காது வளையம், விரல் தடிமன். தங்கக் கம்பியும் வெள்ளிக் கம்பியும் கயிறு திரித்ததுபோல ஒன்றையொன்று சுற்றிப் போயிருந்தன. நான்காவது படம் வளையத்தின் பின்பக்கம். காதுமடலைக் கவ்விப் பிடிக்கிற கிளிப்பின் மேல் கடுகளவு முத்திரை. அதைப் பெரிதாக்கிப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பாரீஸில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த பட்டறையின் முத்திரை அது. பெயரைச் சொல்ல மாட்டேன், என் போட்டிக்காரர்களும் படிப்பார்கள்.

அந்தப் பெண் அடியில் இப்படி எழுதியிருந்தாள்: "இதை அம்மா பெய்ரூட்டில் வீட்டு வேலை செய்த இடத்தில் கொடுத்தார்கள். அம்மா மறுபடியும் வெளிநாட்டு வேலைக்கு, இந்த முறை குவைத்துக்குப் போகப் போகிறார். இது விற்றால் இரண்டு தையல் மெஷின் வாங்கி வீட்டிலேயே ஸ்கூல் யூனிஃபோர்ம் தைக்கலாம். பிறகு அவர் போகத் தேவையில்லை. தயவுசெய்து கெதியாகப் பதில் போடவும்."

பெங்களூரில் என்னிடம் வாடிக்கையாக வாங்குகிற ஓர் அம்மாள், படத்தைப் பார்த்ததும் விலை சொல்லிவிட்டார். அது இரண்டு மெஷினுக்குத் தாராளம். அப்படித்தான் கிளம்பினேன்.

தர்சினியின் அம்மா ரஞ்சிதம், கடலை விட்டு உள்ளே தள்ளி, சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்றில் இருந்தார். எல்லா வீடும் ஒரே மாதிரி. எது அவர் வீடு என்று நான் திணறுவதற்குள் அவரே வாசலுக்கு வந்து என் பையைப் பிடுங்கிக்கொண்டார். ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லி, வேக நடை. என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அக்கா என்றேன். அவர் என்னைத் தங்கச்சியாக்கிக்கொண்டார்.

"நான் டவுன்ல லாட்ஜ்ல தங்கிக்கிறேன் அக்கா" என்று ஆரம்பித்தேன்.

"என்னகா கதைக்கிறீங்க? கடல் கடந்து வந்த ஆள் லொட்ஜில நிக்கிறதா? ஊர் என்ன சொல்லும்?" என்றார். அவ்வளவுதான். தர்சினியின் கட்டில் எனக்கு வந்துவிட்டது.

மத்தியானச் சோறு. அம்மாடி! எங்கள் ஊரில் கல்யாணப் பந்தியில்கூட அப்படிக் குவிக்க மாட்டார்கள். வாவி மீனை மாங்காய் போட்டுத் தேங்காய்ப் பாலில் வைத்த ஆணம், இறால் பொரியல், கீரை, சம்பல். ஆணம் என்றால் குழம்பு என்று இரண்டாவது அகப்பைக்குப் பிறகு புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் மூன்றாவதும் போட்டுக்கொண்டேன். கடைசியில் சட்டியில் எருமைத் தயிர் வந்தது, வெட்டி எடுக்கிற கெட்டி. நான் உப்பு கேட்டேன். அம்மாவும் மகளும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். இங்கே தயிருக்குச் சீனி. சாப்பிட்டுப் பார்த்தேன். இத்தனை வருடம் மோர்மிளகாயோடு வீணாய்ப் போயிருக்கிறேன் என்று தோன்றியது.

சாப்பாட்டு நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். தர்சினி அம்மாவோடு நேராகப் பேசவில்லை. "அன்ரி, அவவிட்டக் கேளுங்க, இன்னும் சோறு வேணுமா எண்டு" என்றாள். அன்ரி, அதாவது ஆன்ட்டி, நான். அந்த 'அவ' இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். ரஞ்சிதக்காவும் என்னைப் பார்த்தே, "வேணாமெண்டு சொல்லுங்க தங்கச்சி" என்றார். நான் தபால்காரி வேலை பார்த்தபடி மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கதை பிற்பகலில் வந்தது. தர்சினிக்கு ஏழு வயதாகும்போது ரஞ்சிதக்கா பெய்ரூட்டுக்குப் போனார். புருஷன் சண்டைக் காலத்தில் ஒரு நாள் வெளியே போய்த் திரும்பவில்லை. வேறு வழியில்லை. பிள்ளையைத் தங்கை வசந்தி வளர்த்தார். பதினொரு வருடம். இடையில் கடல் வந்து வசந்தியைக் கொண்டுபோனது. யுத்தம் முடிந்த மறுவருடம் இவர் திரும்பியபோது, தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்த பெரிய பெண் ஒருத்தி வாசலில் நின்று, "வாங்க" என்றாளாம். விருந்தாளியைச் சொல்கிற மாதிரி. அதற்குப் பிறகும் பெரிதாக எதுவும் மாறவில்லை.

"குவைத்துக்கு இப்ப ஏஜென்சிக்காரன் கேக்கிறான். வெள்ளிக்கிழமைக்குள்ள ஓமா, இல்லையா எண்டு சொல்லணும்" என்றார். "இந்த வாளி வித்தா நான் நிப்பன். இல்லாட்டிப் போகத்தான் வேணும். இவளுக்கு நாளைக்கு ஒரு கலியாணம் காட்சி எண்டு வந்தா என்ன செய்யிற?"

காது வளையத்தை அங்கே வாளி என்கிறார்கள். நான் ஒரு கணம் கிணற்றடியைத் திரும்பிப் பார்த்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"காட்டுங்கக்கா, பார்க்கலாம்" என்றேன்.

"இண்டைக்கு செவ்வாய்க்கிழமை. பொன் கை மாறக் கூடாது."

"கை மாற்ற வேண்டாம். கண்ணால பார்க்கிறேன்."

"பாத்தா கை வைக்கத் தோணும். நாளைக்கு வெள்ளெனப் பாருங்க" என்று சிரித்தார். செவ்வாய், வெள்ளி பார்ப்பது எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் இவ்வளவு கண்டிப்பு கிடையாது. சரி என்று கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை காலை. இடியப்பம், சொதி, சாமிப் படத்துக்கு விளக்கு. பிறகு ரஞ்சிதக்கா ஒரு சிவப்பு நகைப்பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். முகமெல்லாம் பெருமை. தர்சினி கதவுநிலையில் சாய்ந்து நின்றாள்.

திறந்தேன். வளையங்கள் பளபளவென்று மின்னின. பழைய பொருள் அப்படி மின்னக் கூடாது. திருப்பிப் பார்த்தேன். கிளிப் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு தண்டு, தண்டில் மரை, மரையில் ஒரு திருகாணி. இங்கே சுரை என்கிறார்கள். நம் வீட்டுத் தோடுகளில் எல்லாம் இருக்குமே, அதே சுரை. ஜோடி இரண்டிலும் அப்படியே.

"கிளிப் எங்கே அக்கா?"

"அதைக் கழட்டிப் போட்டன்" என்றார் ரஞ்சிதக்கா. "டவுன்ல நல்ல பத்தர் ஒராள் இரிக்கார். அவரிட்டக் குடுத்து வடிவாச் சுரை வைச்செடுத்தன். கவ்வுற சாமான் என்ன சாமான், உடுப்புக் காயப் போடுற மாதிரி? பெய்ரூட்டு வீட்டு மேடத்துக்குக் காது குத்தல்ல, அவவுக்குச் சரி. பொம்பிளையாப் பிறந்து காது குத்தாத ஆளை நான் அங்கதான் கண்டன். உங்கட ஊர்ல ஆர் கிளிப் போடுறாங்க?"

முத்திரை இருந்தது அந்தக் கிளிப்பில். முத்திரைக்குத்தான் விலை. அது என் தொழிலில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, கை வைக்காதீர்கள் என்று ஒரு வரி இவர்களுக்கு நான் எழுதவில்லை. என் மடத்தனம் அது. ஆனால் அந்த நிமிடம் அதுவா தோன்றும்? கத்தினேன். "ஐயோ, கெடுத்துட்டீங்களே! யாரைக் கேட்டுச் செஞ்சீங்க? இனிமே இது வெறும் உலோகம்!" என்றெல்லாம் கத்தினேன். இத்தனை சோறு போட்ட மனுஷியை அவர் வீட்டிலேயே நிற்க வைத்துக் கத்தினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ரஞ்சிதக்கா கத்தலுக்குப் பழகியவர்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பதினொரு வருடம் அப்படி நின்று பழகியிருப்பார் என்பது எனக்குச் சட்டென்று உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன்.

தர்சினி உள்ளே போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அன்ரி, அவவிட்டச் சொல்லுங்க, போறதெண்டு முடிவெடுத்திட்டுத்தான் இதைச் செஞ்சிரிக்கா எண்டு" என்று குரல் கேட்டது. நான் அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பத்தரிடம் ஓடினோம். கடைத்தெருவில் ஆறடி அறை. சாந்தமான மனிதர். கிளிப் இரண்டையும் உருக்கவில்லை, தாளில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றார். "கழிச்சது மில்லிக்கிராம் எண்டாலும் சொந்தக்காரர்ட கையில குடுத்திருவன். கொண்டு வாங்க, பழையபடி ஒட்டித் தாறன்" என்றார். எனக்கு உயிர் வந்தது. அங்கேயே நின்று பெங்களூர் அம்மாளுக்குப் போன் போட்டேன். முத்திரை சேதமில்லாமல் அதே கிளிப் ஏறினால் வாங்கிக்கொள்கிறேன், முத்திரை இல்லையென்றால் வேண்டவே வேண்டாம் என்றார்.

"அந்தத் தாள் எங்கே அக்கா?"

ரஞ்சிதக்கா தலைகுனிந்தார். "களுதாவளைப் பிள்ளையாருக்கு நேத்தி வைச்சிருந்தன், இந்தியாவில இருந்து ஆள் வந்து சேரணும் எண்டு. நீங்க டிக்கெட் போட்டிட்டன் எண்டு சொன்ன அண்டைக்கே போய் உண்டியல்ல போட்டிட்டன்."

நான் சிரித்தேனா, அழுதேனா என்று நினைவில்லை. பத்தர் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துப் பிளேன்டீ வரவழைத்தார். இஞ்சி போட்ட பாலில்லாத தேநீர். சீனியைப் பார்த்தால் சர்க்கரை வியாதிக்காரர்கள் ஓடிவிடுவார்கள். அன்றைக்கு அது வேண்டியிருந்தது.

வியாழன் காலையில் நானும் ரஞ்சிதக்காவும் களுதாவளைக்கு பஸ் ஏறினோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் ரோடு. வழியில் இரண்டு இடத்தில் ஆமிக்காரர்கள் பஸ்ஸுக்குள் ஏறி எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். முன்பென்றால் எல்லாரையும் இறக்கி நடக்க விடுவார்களாம். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் தன் மரக்கறிப் பையைக் கேட்காமலே என் மடியில் வைத்தார். சென்னை பஸ்ஸிலும் வைப்பார்கள், ஆனால் இறங்கும்போது ஒரு கத்தரிக்காயை எடுத்து நீட்டமாட்டார்கள். இவர் நீட்டினார்.

கோயில் நிர்வாகம் பார்க்கிறவரை அங்கே வண்ணக்கர் என்கிறார்கள். வெள்ளை வேட்டி, வெற்றுடம்பு, கையில் சாவிக்கொத்து. நான் சென்னையிலிருந்து வந்த கதையை முழுதாகக் கேட்டார். முத்திரை, பாரீஸ், கிளிப் எல்லாம் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை.

"உங்கட கஸ்டம் விளங்குது மகள்" என்றார் கடைசியில். "ஆனா அது அவருக்குக் குடுத்த சாமான். நான் என்னெண்டு எடுத்துத் தாற? உண்டியல் திறக்கிறதும் திருவிழா முடியத்தான். அப்பவும் ஊர் கூடி நிண்டு எண்ணித்தான் எடுக்கிற."

"ரெண்டு சின்னத் துண்டுதான் ஐயா" என்றேன், பேரம் பேசுகிற பழக்கத்தில்.

"சின்னது எண்டுதானே நீங்களும் கேக்கிறீங்க. அவரும் சின்னது எண்டு பாக்காம எடுத்திட்டார்" என்று சொல்லிவிட்டு, இரண்டு மோதகத்தை இலையில் வைத்துக் கொடுத்தார்.

சன்னிதியில் போய் நின்றேன். கோபமாகத்தான் நின்றேன். பிறகு பிள்ளையாருடைய காதுகளைப் பார்த்தேன். இத்தனை பெரிய காதை வைத்துக்கொண்டு இரண்டு கிளிப்பை மறுப்பாரா என்று தோன்றியதும் சிரிப்பு வந்துவிட்டது. ரஞ்சிதக்கா சிரிக்கவில்லை. கண்ணை இறுக மூடி நின்றுகொண்டிருந்தார். ஆள் வர வேண்டும் என்று கேட்டார், ஆள் வந்தேன். அதற்கு மேல் கேட்கத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாரோ என்னவோ.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அவர் தானாகவே பேசினார். மெதுவாக, முகத்தைத் திருப்பாமல்.

"தங்கச்சி, உங்களுக்கு வடிவா இரிக்கணும் எண்டு மட்டும் நான் சுரை வைக்கல்ல. எங்கட வசந்திக்கு நான் அங்க இருந்து ஒரு தோடு அனுப்பினன். சுரைத்தோடு. அவ கழட்டவே மாட்டா, படுக்கக்குள்ளயும் காதில கிடக்கும். கடல் வந்து மூணாம் நாள் அவவை எடுத்தாங்க. முகம் தெரியல்ல. கிடங்கு வெட்டி எல்லாரையும் ஒண்டாத்தான் அடக்கினாங்க அந்த நேரம். தர்சினியைக் கூட்டிப் போய்க் காட்டினாங்க, பன்னிரண்டு வயசுப் பிள்ளை. இவள்தான் சொன்னாளாம், 'இது அவ அனுப்பின தோடு, இது எங்கட சின்னம்மா' எண்டு. அதாலதான் வசந்தியைத் தனியா, பேர் வைச்சு அடக்கினாங்க. கழண்டு விழுற சாமான் எண்டா அவ ஆரெண்டே தெரியாமப் போயிரிப்பா."

பஸ் எங்கேயோ நின்று ஆள் ஏற்றியது. அவர் தொடர்ந்தார்.

"நான் அப்ப பெய்ரூட்டில போனைப் பிடிச்சிட்டு நிண்டன். விடல்ல, வர விடல்ல. அதுக்குப் பிறகு எனக்கு, ஒரு பொம்பிளையின்ட காதில கழண்டு விழுற ஒண்டைப் போட்டு அனுப்ப மனம் வரல்ல. ஆர்ட காதுக்குப் போகுதோ, அது எங்க இருந்தாலும் அவட காதில கிடக்கட்டும் எண்டு நினைச்சன். பிழைதான். உங்கட தொழிலைக் கெடுத்துப்போட்டன். மன்னிச்சிருங்க."

அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். நேற்று நான் கத்தியதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். கல்லடி வரும்வரை கையை எடுக்கவில்லை, அவரும் இழுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிவிட்டு இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன்: "பெங்களூர்க்காரம்மாள் வாங்கமாட்டாங்க. நான் வாங்கிக்கிறேன். விக்கறதுக்கில்லை, எனக்கே. ஆனா பேசின விலை என்னால முடியாது. அதில பாதி தர்றேன். என் கையில அவ்வளவுதான் இருக்கு."

"பாதி என்னத்துக்கு? நிறுத்துப் பாத்து பொன்னுக்கும் வெள்ளிக்கும் உள்ளதைத் தாங்க, போதும்" என்றார் ரஞ்சிதக்கா. "பழுதாக்கினது நான்."

"இல்லக்கா, பாதி."

"வேணாம். எனக்கு மனச்சாட்சி இல்லையா?"

இருபது வருடமாக வியாபாரம் செய்கிறேன். வாங்குகிறவள் ஏற்ற, விற்கிறவள் இறக்க ஒரு பேரம் நடந்து பார்த்தது அன்றுதான். இருவருக்கும் குரல் உயர்ந்துவிட்டது. தர்சினி எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ தாறதை வாங்குங்க" என்றாள் திடீரென்று. என்னைப் பார்த்து அல்ல. நேராக அம்மாவைப் பார்த்து. "அன்ரி பாதி எண்டா பாதி. அதில ஒரு மெஷின் எடுக்கலாம். ரெண்டு வேணாம், ஒண்டு போதும். பகல்ல நீங்க தையுங்க. பின்னேரம் கிளாஸ் முடிஞ்சு வந்து நான் தைக்கிறன்."

ரஞ்சிதக்கா அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையை மெல்ல ஆட்டினார். "ஒரு மெஷின்ல என்ன வரும் மனே? இன்னொரு ரெண்டு வருசம் நான் போயிட்டு வந்தா..."

தர்சினி எழுந்து வெளியே போய்விட்டாள்.

பொழுது படுமுன் பொன் கை மாறிவிட வேண்டும், விடிந்தால் வெள்ளிக்கிழமை. பணத்தைக் கொடுத்தேன். பெட்டியை வாங்கினேன். பெட்டியோடு வைத்துக்கொள்ள மனம் வராமல், "நீங்களே போட்டு விடுங்கக்கா" என்றேன். நான் சின்னப் பொட்டுக் கம்மல் போடுகிறவள். காது ஓட்டை சிறுத்திருந்தது. விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டு, மெல்ல மெல்லத் தண்டை ஏற்றினார். பின்னால் சுரையைத் திருகும்போது அவருடைய மூச்சு என் கழுத்தில் பட்டது. என் அம்மா போன பிறகு யாரும் என் காதைத் தொட்டதில்லை.

"இப்ப தலையை ஆட்டுங்க, பாப்பம்" என்றார். ஆட்டினேன். "இன்னும் நல்லா." பைத்தியக்காரிபோல ஆட்டினேன். "ஓம், இனிப் பயமில்ல" என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் யாரும் தபால் அனுப்பவில்லை. பேச்சே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு பஸ். ரஞ்சிதக்கா வழிச் சாப்பாட்டுக்குப் பிட்டு அவித்து, வாழையிலையை வாட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் மாவும் தேங்காய்ப்பூவும். மேசையில் கிடந்த போன் அடித்தது. மூன்று பேருக்கும் தெரியும் அது யார் என்று.

"அடிக்கட்டும், கை கழுவிட்டு வாறன்" என்றார் ரஞ்சிதக்கா, எங்கள் இருவரில் யாருக்கென்று தெரியாமல்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. தர்சினி தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பைத் தலையிலேயே செருகிவிட்டு வந்து எடுத்தாள்.

"ஓம்... இல்ல, அவட மகள் கதைக்கிறன்... ஓம், வெள்ளிக்கிழமைதான், தெரியும்." கொஞ்சம் கேட்டாள். "இல்ல, வரமாட்டா. ரெண்டு வருசத்துக்கும் வரமாட்டா, ஒரு வருசத்துக்கும் வரமாட்டா. நீங்க வேற ஆளைப் பாருங்க... சம்பளம் எவ்வளவு எண்டாலும்தான்." அந்தப் பக்கம் அவன் விடவில்லை போலிருக்கிறது. அவள் குரல் உடைந்தது. "எனக்கு எங்கட அம்மா வேணும். விளங்குதா உங்களுக்கு? எனக்கு வேணும்."

போனை அணைத்து மேசையில் வைத்தாள்.

ரஞ்சிதக்கா வாழையிலையைக் கீழே போட்டுவிட்டு, மாவுக் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். தர்சினி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை. பிறகு முந்தானையைப் பிடித்து இழுத்து, அம்மாவின் முகத்திலிருந்த மாவைத் துடைக்கத் தொடங்கினாள். துடைக்கத் துடைக்கக் கண்ணீரில் அது இன்னும் பசையாய்ப் பரவியது.

"அழாதீங்கம்மா. அன்ரிக்கு பஸ்ஸுக்கு நேரமாகுது. பிட்டைக் கட்டுங்க" என்றாள், தானும் அழுதுகொண்டே.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படியில் போய் அவர்களோடு உட்கார்ந்தேன். ரோட்டில் என் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அடுத்த பஸ் மத்தியானம்தான் என்றாள் தர்சினி. இருக்கட்டும் என்றேன்.